கட்சி விளம்பரம்: டி.வி.க்கு ஒரு விதி, யூடியூபுக்கு ஒரு விதியா? ஆனேக்கலில் இருந்து பார்த்தால் புரியும்

ஆனேக்கல் தாலுகாவில் சந்தாபுரா, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி பக்கம் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற தமிழரா நீங்கள்? அப்படியென்றால் மக்களவைத் தேர்தல் வரும்போது உங்கள் வீட்டு டி.வி.யில் இரண்டு மாநிலப் பிரசாரம் ஒன்றாக ஓடும். ரிமோட்டில் ஒரு பக்கம் கன்னட செய்தி சேனல்கள், இன்னொரு பக்கம் தமிழ் சேனல்கள். கையில் இருக்கும் போனில் இரண்டுமே.

2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று ஒரே கட்டமாக வாக்குப்பதிவு. ஆனேக்கல் சட்டமன்றத் தொகுதி, பெங்களூரு ஊரக மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. அங்கே ஏப்ரல் 26. கர்நாடகத்தின் மீதி 14 தொகுதிகளுக்கு, அதாவது வடக்குப் பக்கத்துக்கு, மே 7. ஓசூரில் ஏப்ரல் 17 மாலை 6 மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் மைக் சத்தம் ஓயவில்லை. ஏப்ரல் 24 மாலை 6 மணிக்கு ஆனேக்கலிலும் ஓய்ந்தது. ஆனால் வட கர்நாடகத்தில் பிரசாரம் தொடர்ந்தது; அதைக் காட்டிய கன்னட சேனல்கள் ஆனேக்கலிலும் தெரிந்தன.

"நம்ம ஊர்லதான் பிரசாரம் முடிஞ்சுபோச்சே, டி.வி.யில ஏன் இன்னும் பேசிட்டு இருக்காங்க?" என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அது சரியான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். ஏனென்றால் நம் நாட்டில் ஒரு கட்சியின் 30 விநாடி வீடியோவுக்கு என்ன விதி என்பது, அது எந்தப் பெட்டி வழியாக உங்களிடம் வருகிறது என்பதைப் பொறுத்தது. தூர்தர்ஷனுக்கு ஒன்று, தனியார் சேனலுக்கு ஒன்று, போனுக்கு வேறொன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் அந்த 48 மணி நேரம்.

48 மணி நேர அமைதி: சட்டம் என்ன சொல்கிறது?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 126-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில், அந்த வாக்குப்பதிவுப் பகுதிக்குள் பொதுக்கூட்டம், ஊர்வலம் நடத்தக் கூடாது. சினிமா, தொலைக்காட்சி "அல்லது அதுபோன்ற சாதனம்" மூலம் தேர்தல் தொடர்பான எதையும் மக்களுக்குக் காட்டக் கூடாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ஒன்று, "அந்த வாக்குப்பதிவுப் பகுதி". பொதுக்கூட்டத்துக்கு இது பொருந்தும், ஏனென்றால் மேடைக்கு ஓர் இடம் உண்டு. சாட்டிலைட் சேனலுக்குத் தொகுதி எல்லை கிடையாது. பெலகாவியில் நடக்கும் கூட்டத்தின் நேரலையை ஆனேக்கலில் மட்டும் தெரியாமல் நிறுத்த முடியாது.

இந்தச் சிக்கல் தேர்தல் ஆணையத்துக்கும் தெரியும். அதனால் பல கட்டத் தேர்தல்களில் கட்சிகளுக்கு அது ஓர் அறிவுரை தருகிறது. ஒரு பகுதி அமைதிக் காலத்தில் இருக்கும்போது வேறு பகுதியில் பிரசாரம் செய்யலாம். ஆனால் அமைதியில் இருக்கும் தொகுதிகளின் கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவு கேட்கிற மாதிரி நேரடியாகவோ மறைமுகமாகவோ பேசக் கூடாது. சொல்வது சுலபம். "நாட்டுக்காக எங்களுக்கு வாக்களியுங்கள்" என்று ஒரு தேசியத் தலைவர் வடக்கே நின்று பேசினால் அது யாருக்குச் சொன்னது? சின்னம் ஒன்றுதானே.

இரண்டாவது சொல், "அதுபோன்ற சாதனம்". தொலைக்காட்சி இந்தப் பிரிவுக்குள் வந்தது 1996 திருத்தத்தில். அன்று யார் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லை. அச்சுப் பத்திரிகையும் இதில் இல்லை. 2015-ல் சட்ட ஆணையம் தன் 255-வது அறிக்கையில் இதை விரிவாக்கச் சொன்னது. 2019 ஜனவரியில் தேர்தல் ஆணையத்தின் உமேஷ் சின்ஹா குழுவும் அச்சு, இணையம் இரண்டையும் சேர்க்கச் சொன்னது. சட்டம் மாறவில்லை. அதற்குப் பதிலாக 2019 மார்ச் மாதம் சமூக ஊடக நிறுவனங்கள் தாங்களாகவே ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டன: 126-வது பிரிவை மீறுகிற பதிவு என்று ஆணையம் சொன்னால் 3 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுப்போம் என்று. அது சட்டமல்ல, ஒப்புக்கொண்ட வாக்கு. அவ்வளவுதான்.

முதல் பெட்டி: தூர்தர்ஷனில் இலவச நேரம்

ஓசியில் கிடைக்கும் டி.வி. நேரம் ஒன்று உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 1998 ஜனவரி 16 அன்று அறிவிக்கப்பட்ட திட்டப்படி, தேசியக் கட்சிகளுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மாநிலக் கட்சிகளுக்கும் தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் காசில்லாமல் நேரம் கிடைக்கும். 2003 திருத்தத்தில் சேர்ந்த 39ஏ பிரிவு இதற்குச் சட்ட அடித்தளம் கொடுத்தது.

கணக்கு எப்படி? சட்டமன்றத் தேர்தலில் ஒவ்வொரு கட்சிக்கும் அடிப்படையாக 45 நிமிடம். அதற்கு மேல், முந்தைய தேர்தலில் வாங்கிய வாக்கைப் பொறுத்துக் கூடுதல் நேரம். ஒரே அமர்வில் 15 நிமிடத்துக்கு மேல் யாருக்கும் இல்லை. எந்த நாள், எந்த நேரம் என்பது குலுக்கலில் முடிவாகும். கொரோனா காலத்தில் கூட்டம் போடுவது சிரமம் என்பதால் இந்த அடிப்படை நேரம் 90 நிமிடமாக்கப்பட்டது. 2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலும் அப்படித்தான் நடந்தது.

அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு இந்த நேரம் கிடையாது. 2021-ல் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளிலும் நின்றது. ஆனால் அன்று அது அங்கீகரிக்கப்பட்ட கட்சி அல்ல. நாம் தமிழருக்கும் விடுதலைச் சிறுத்தைகளுக்கும் மாநிலக் கட்சி அங்கீகாரம் வந்தது 2025-ல்தான். புதிதாக வருகிற எந்தக் கட்சிக்கும் இதே நிலைதான்: முகம் தெரிய டி.வி. நேரம் வேண்டும், டி.வி. நேரம் கிடைக்க முதலில் வாக்கு வேண்டும்.

நேரம் இலவசம் என்றாலும் பேச்சு இலவசமல்ல. உரையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மதத்தையோ சமூகத்தையோ தாக்கக் கூடாது, பிற நாடுகளை விமர்சிக்கக் கூடாது, நீதிமன்ற அவமதிப்பு கூடாது, எந்தத் தனிநபரையும் பெயர் சொல்லி விமர்சிக்கக் கூடாது. 2024 மே மாதம் இது பெரிய சர்ச்சையானது. மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த சீதாராம் யெச்சூரியின் உரையில், ஆட்சியை வகுப்புவாத, எதேச்சாதிகார ஆட்சி என்று சொன்ன சொற்கள் நீக்கப்பட்டன. ஃபார்வர்டு பிளாக் தலைவர் ஜி. தேவராஜனின் உரையில் "முஸ்லிம்கள்" என்ற சொல்லை எடுக்கச் சொன்னார்கள். தேர்தல் ஆணையத்தின் விதியைத்தான் பின்பற்றினோம், மற்ற கட்சிக்காரர்களின் உரைகளும் திருத்தப்பட்டுள்ளன என்பது பிரசார் பாரதி தரப்பின் பதில். இரு தலைவர்களும் அதை ஏற்கவில்லை. இதே சொற்களை அவர்கள் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் பேசினால் யாரும் முன்கூட்டியே வெட்ட மாட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது பெட்டி: தனியார் சேனலில் காசு கொடுத்தால்?

2004 வரை இது சட்டப்படி முடியாத காரியம். கேபிள் டி.வி. விதிகள், 1994-ல் 7(3) என்றொரு விதி அரசியல் விளம்பரத்தையே தடை செய்திருந்தது. 2004 மார்ச்சில் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தெலுங்கு சேனலான ஜெமினி டி.வி.யின் பெயரில் இன்றும் அந்த வழக்கு அறியப்படுகிறது. 2004 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் நடுவழி ஒன்றைச் சொன்னது: விளம்பரம் போடலாம், ஆனால் முன்சான்று வாங்கிவிட்டுத்தான்.

அன்றிலிருந்து இதுதான் நடைமுறை. தேசிய, மாநிலக் கட்சிகளும் வேட்பாளர்களும் ஒளிபரப்புக்கு 3 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்கள் 7 நாள் முன்பு. வீடியோ, அதன் எழுத்து வடிவம், தயாரிப்புச் செலவு, எத்தனை முறை ஓடும், அதற்கு எவ்வளவு காசு என்று எல்லாமே அதில் இருக்க வேண்டும். இதைப் பார்ப்பது ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. பெயர் நீளம் என்பதால் அதிகாரிகள் எம்.சி.எம்.சி. என்பார்கள். மாவட்டத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று உண்டு.

இந்த அமைப்பு சரியாகவே யோசிக்கப்பட்டது. ஆனால் அது விளம்பரத்தை மட்டும்தான் பார்த்து நிறுத்தும். செய்தி, விவாதம், நேரலை, பேட்டி எதற்கும் முன்சான்று தேவையில்லை. ஒரு கட்சி 30 விநாடிக்குக் காசு கட்டினால் குழுவுக்கு முன் நிற்க வேண்டும். அதே கட்சியின் கூட்டத்தை ஒரு சேனல் இரண்டு மணி நேரம் வெட்டாமல் காட்டினால் அது செய்தி.

கட்சியே சேனல் வைத்திருந்தால்?

தமிழர்களுக்கு இது புதுசு இல்லை. மக்கள் தொலைக்காட்சி 2006, கலைஞர் டி.வி. 2007, கேப்டன் டி.வி. 2010, நியூஸ் ஜெ 2018. எந்தச் சேனல் எந்தக் கட்சிக்காரர்களுடையது என்பது தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கர்நாடகத்தில் கஸ்தூரி டி.வி. குமாரசாமி குடும்பத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது.

கட்சிகள் ஒளிபரப்புத் துறைக்குள் வரவே கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. 2014 ஆகஸ்டில் மறுபடியும் அழுத்திச் சொன்னது. அது நடக்கவில்லை. தேர்தல் ஆணையம் செய்ய முடிந்தது ஒரு கணக்கு வேலை மட்டும்: வேட்பாளர் தன் சொந்தச் சேனலையோ கட்சிச் சேனலையோ தனக்காகப் பயன்படுத்தினால், அந்தச் சேனலின் வழக்கமான விளம்பரக் கட்டணப்படி அது அவர் செலவில் ஏறும். மக்களவை வேட்பாளருக்குப் பெரிய மாநிலங்களில் செலவு உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். சட்டமன்றத்துக்கு 40 லட்சம். ஆனால் கட்சிக்கு வரம்பே இல்லை. வேட்பாளர் பெயர் சொல்லாமல் கட்சிக்காக ஓடும் பொது விளம்பரம் வேட்பாளர் கணக்கில் ஏறாது. டி.வி.யில் வேட்பாளரைவிடத் தலைவர் முகத்தையே அதிகம் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2019-ல் இதற்கு ஒரு படி மேலே போன விஷயம் ஒன்று நடந்தது. மார்ச் 31 அன்று டி.டி.எச். பெட்டிகளில் நமோ டி.வி. என்றொரு சேனல் திடீரென்று வந்தது. இது சேனல் அல்ல, விளம்பரத் தளம், உரிமம் தேவையில்லை என்பது ஒளிபரப்பு அமைச்சகத்தின் பதில். அது எங்களுடைய நமோ செயலியின் பகுதி என்றது பா.ஜ.க. அப்படியென்றால் ஓடுவது அரசியல் விளம்பரம், பதிவு செய்த நிகழ்ச்சிகளுக்கு முன்சான்று வேண்டும் என்றது தேர்தல் ஆணையம். பிரசாரம் முடிந்ததும் மே மாதத்தில் அது காணாமல் போனது. சேனலும் இல்லை, வழக்கமான விளம்பரமும் இல்லை என்கிற ஒரு வடிவம், தேர்தல் காலம் முழுக்க உங்கள் டி.டி.எச். பெட்டியில் ஓட முடிந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மூன்றாவது பெட்டி: ஓ.டி.டி.யும் யூடியூபும்

அதே 2019-ல், ஏப்ரல் 10 அன்று, 'பி.எம். நரேந்திர மோடி' திரைப்படத்தைத் தேர்தல் முடியும்வரை வெளியிடக் கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது. படம் வந்தது மே 24 அன்று, வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள். ஆனால் பிரதமரைப் பற்றிய இன்னொரு படைப்பு, ஒரு வலைத்தொடர், அதற்குள் ஈரோஸ் நவ் தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 20 அன்று ஆணையம் அதையும் நிறுத்தச் சொன்னது. முதல் இரண்டு கட்ட வாக்குப்பதிவு அதற்குள் முடிந்திருந்தது. தியேட்டருக்கு வரும் படத்தை முன்கூட்டியே தடுக்க முடிந்தது. ஓ.டி.டி.யில் வந்ததை வந்த பிறகுதான் நிறுத்த முடிந்தது.

2021 பிப்ரவரி 25 அன்று வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓ.டி.டி.க்கு வயது வகைப்பாடு, குறைதீர் அதிகாரி, மூன்று அடுக்குப் புகார் முறை எல்லாம் கொண்டுவந்தன. தேர்தல் காலத்துக்கென்று தனி ஏற்பாடு அதில் இல்லை. 2023 நவம்பரில் வந்த ஒளிபரப்புச் சேவைகள் மசோதாவின் வரைவு டி.வி., ஓ.டி.டி. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றது. தனி யூடியூபர்களையும் பிடிக்கப் பார்க்கிறது என்று எதிர்ப்பு எழுந்ததும், 2024-ல் திருத்திய வரைவு கிடப்பில் போனது.

யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்? இங்கே ஒரு கோட்டைப் புரிந்துகொள்ளுங்கள். 2013 அக்டோபர் 25 உத்தரவின்படி, இணையத்தில் காசு கொடுத்துப் போடும் அரசியல் விளம்பரத்துக்கும் முன்சான்று வேண்டும். ஓ.டி.டி. நிகழ்ச்சிக்கு நடுவில் வரும் கட்சி விளம்பரமும் இதில்தான் சேரும். ஆனால் தன் சொந்தக் கணக்கில் ஒருவர் போடும் வீடியோவோ படமோ கருத்தோ விளம்பரமாகக் கருதப்படாது, சான்று தேவையில்லை.

இப்போது அந்த 30 விநாடி வீடியோவை மறுபடியும் எடுங்கள். தூர்தர்ஷன் என்றால் வரிவரியாகப் பார்ப்பார்கள். தனியார் சேனல் என்றால் 3 நாள் முன்பு குழுவிடம் போக வேண்டும். யூடியூபில் விளம்பரமாக வந்தாலும் அதே சான்று வேண்டும். கட்சியின் சொந்த யூடியூப் சேனலில் ஏற்றி, ஆதரவாளர்கள் வாட்ஸ்அப்பில் பரப்பினால்? எதுவும் வேண்டாம். நாற்பது பேர் உட்கார்ந்து பார்க்கும் டி.வி.யைவிட, தனியாக நீங்கள் மட்டும் பார்க்கும் போனுக்குத்தான் கட்டுப்பாடு குறைவு.

புகார் கொடுத்தால் எத்தனை நாளில் பதில்?

இதுதான் நடைமுறையில் ரொம்ப முக்கியம். டி.வி. நிகழ்ச்சி விதிகளை மீறுகிறது என்று சேனலிடம் புகார் கொடுத்தால், 2021-ல் திருத்திய கேபிள் விதிகளின்படி அவர்கள் முடிவெடுக்க 15 நாள் அவகாசம். ஓ.டி.டி.க்கும் 15 நாள். அதற்கு மேல் முறையீடு என்றால் இன்னும் நாள் ஆகும்.

தேர்தல் பிரசாரம் எத்தனை நாள்? வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பிரசாரக் களம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது வேட்பாளர் பட்டியல் முடிவான அன்றே நீங்கள் புகார் கொடுத்தாலும், பதில் வருவதற்குள் உங்கள் விரலில் மை காய்ந்திருக்கும். எனவே தேர்தல் காலத்தில் வேகமாக எதையாவது நிறுத்த முடிந்தது என்றால் அது தேர்தல் ஆணையத்தின் வழிதான். ஒளிபரப்பு விதிகளின் வழி அல்ல.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

பிரிட்டனில் டி.வி., வானொலியில் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் போடவே முடியாது. அதற்குப் பதில் பி.பி.சி., ஐ.டி.வி., சேனல் 4, சேனல் 5 போன்றவை கட்சிகளுக்கு இலவச நேரம் தர வேண்டும். நம் ஊரில் தூர்தர்ஷன் மட்டும் சுமக்கும் பொறுப்பை அங்கே தனியார் சேனல்களும் சுமக்கின்றன. ஆனால் இணைய விளம்பரத்துக்கு அங்கேயும் தடை இல்லை. யார் வெளியிட்டது என்று விளம்பரத்திலேயே போட வேண்டும் என்பது மட்டும் 2023 நவம்பரிலிருந்து கட்டாயம். அமெரிக்கா நேர் எதிர்: வேட்பாளரின் விளம்பரத்தில் டி.வி. நிலையம் ஒரு சொல்லைக்கூட வெட்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 அக்டோபரில் கடுமையான வெளிப்படைத்தன்மை விதிகள் வந்ததும், கூகுளும் மெட்டாவும் அங்கே அரசியல் விளம்பரத்தையே நிறுத்திக்கொண்டன. எங்குமே முழுத் தீர்வு இல்லை. ஆனால் மூன்று இடத்திலும் நாடாளுமன்றம் உட்கார்ந்து சட்டம் எழுதியிருக்கிறது. இங்கே பெரும்பாலானவை ஒரு நீதிமன்ற உத்தரவிலும் ஆணையத்தின் சுற்றறிக்கைகளிலும் நிற்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியது

முதலில், உங்கள் வாக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓசூரில் இருந்தால் உங்கள் 48 மணி நேரம் வேறு, ஆனேக்கலில் இருந்தால் வேறு. வீடு மாறியிருந்தால் படிவம் 8 மூலம் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது குற்றம்.

போனில் கட்சி விளம்பரம் வந்தால், காசு கொடுத்தது யார் என்று கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மைப் பக்கத்திலும் மெட்டாவின் விளம்பர நூலகத்திலும் தேடலாம். கட்சியின் பெயர் இல்லாமல் ஏதோ ஓர் அமைப்பின் பெயரில் வந்தால் கூடுதல் கவனம் தேவை.

டி.வி.யிலோ ஓ.டி.டி.யிலோ ஒரு விளம்பரம் அமைதிக் காலத்தில் ஓடினால், சேனல் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு மாவட்டத் தேர்தல் அதிகாரியின் எம்.சி.எம்.சி.க்குப் புகார் செய்யுங்கள். 1950 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம். சி-விஜில் செயலியில் அப்போதே எடுத்த படம், வீடியோவை மட்டும்தான் அனுப்ப முடியும். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. நேரமும் தேதியும் இல்லாத புகார் நிற்காது.

கடைசியாக ஒன்று. இந்த 48 மணி நேரம் எதற்காக? எல்லோரும் பேசி முடித்த பிறகு, வாக்காளர் யாருடைய சத்தமும் இல்லாமல் யோசிக்க. 126-வது பிரிவு திருத்தப்படும்வரை போன் திரையில் அந்த அமைதியை யாரும் உங்களுக்காக ஏற்படுத்தித் தரப்போவதில்லை. அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதி வேட்பாளர்கள் வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது, இந்தத் திருத்தத்தைப் பற்றி அவர்கள் கட்சி என்ன நினைக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.